மூக்கு பாக்குற டாக்டர்களுக்கு ஒரு கார்பென்ட்டர் எழுதுற திறந்த மடல்

காது மூக்கு தொண்டை பாக்குற டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் மர வேலை பாக்குறவன். எழுதிப் பழக்கம் இல்ல, ராத்திரி வேலை முடிஞ்சு போன்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. எங்க அண்ணன் போய் எட்டு மாசம் ஆச்சு. அண்ணன்னா கூடப்பொறந்தவர் இல்ல, எனக்கு உளி பிடிக்கக் கத்துக் குடுத்தவர், பட்டறைல எல்லாரும் அவர அண்ணன்னுதான் கூப்பிடுவோம், பாலிஷ் போட வர்ற பெரியவர் அவரவிட மூத்தவர், அவரும் அண்ணன்னுதான் கூப்பிடுவாரு. மூக்குக்குள்ள வந்த கேன்சர்ல போயிட்டாரு. 57 வயசு.

யாரையும் திட்டுறதுக்காக இத எழுதல. திட்டணும்னு இருந்தது உண்மைதான், அது கொஞ்சம் ஆறிடுச்சு. நீங்க ஒரே ஒரு கேள்வி கேக்கணும், அத கேட்டுக்கத்தான் இந்த மடல். என்ன கேள்வின்னு அப்புறம் சொல்றேன், முதல்ல அவரப் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா நாலு இடத்துல சேத்த இவ்ளோ தடி ஃபைல் ஒண்ணு இருக்கு, அதுல அவரோட ரத்தம் இருக்கு, சர்க்கரை அளவு இருக்கு, மண்டை ஓடு படம் இருக்கு, அவரு மட்டும் இல்ல.

நான் 17 வயசுல போய்ச் சேந்தேன். முதல் மூணு மாசம் உளியத் தொட விடல, கூட்டு, அள்ளு, பலகைய அடுக்குன்னு அதேதான். ஆனா சாயங்காலம் ஆனா ஒரு விளையாட்டு உண்டு. கண்ண மூடுடாம்பாரு, இழைப்புளில இருந்து வந்த சீவல் ஒண்ண எடுத்து மூக்குக்கிட்ட நீட்டுவாரு, என்ன மரம்னு சொல்லணும். வேம்புன்னா கசப்பு தெரியும், அது யாரும் சொல்லிடலாம். தேக்கு பழைய தோல் பை மாதிரி ஒரு எண்ணெய் வாசம். ஈட்டி லேசா இனிப்பா வரும். பலா, மா ரெண்டுக்கும் வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அவருக்கு சீவல்கூட வேணாம், கடைல வண்டி நிறைய மரம் நிக்கும், ஒரு கட்டைய நகத்தால கீறி மோந்து பாத்துட்டு இது அந்த மரமே இல்லப்பா, சாயம் ஏத்திருக்கான்னு சொல்லுவாரு. கடைக்காரங்க அவர் வந்தா கொஞ்சம் உஷாராத்தான் இருப்பாங்க.

நாற்காலி செய்யறதுல ஒரு கிறுக்கு அவருக்கு. யாருக்கு நாற்காலியோ அவங்கள நேர்ல உக்கார வைக்காம அளவு எடுக்கவே மாட்டாரு. ஒரு பாட்டி, முட்டி வலி, உக்காந்தா எழுந்திரிக்க முடியல, மகன் வந்து நல்ல மெத்தை போட்ட சேர் வேணும்னு கேட்டாரு. அண்ணன் போய் அந்தம்மாவ பழைய சேர்ல உக்கார வெச்சு, எழுந்திரிக்கச் சொல்லி, உக்காரச் சொல்லி, ஒரு அஞ்சாறு தடவ பாத்துட்டு மெத்தையே வேணாம்னுட்டாரு. உக்கார்ற பலகைய ஒன்றரை இஞ்ச் ஒசத்தி, கைப்பிடிய வழக்கத்தவிட மூணு விரல் முன்னால நீட்டி, நுனிய உள்ளங்கை நல்லாப் பிடிக்கிற மாதிரி உருட்டி விட்டாரு. அந்தப் பாட்டி கைப்பிடிய அழுத்துன வேகத்துல எழுந்து நின்னுட்டு சிரிச்சாங்க பாருங்க. கூலி பேசும்போது ரொம்ப கறாரா இருக்கற ஆளு, அன்னைக்கு வாங்கினாரா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்ல.

அவர் செஞ்ச எந்த மேஜையையும் கவுத்துப் போட்டுப் பாருங்க, அடிப்பலகைல பென்சில்ல கூட்டல் கழித்தல் இருக்கும். கணக்கு நோட்டுன்னு தனியா ஒண்ணு கிடையாது, எந்த மரம் கைல இருக்கோ அதுதான் நோட்டு. 2 அடி 3 இஞ்ச் 5 நூல்னு எழுதி வட்டம் போட்டிருப்பாரு, நூல்னா எங்க கணக்குல இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு. அவர் போனதுக்கு அப்புறம் நாங்க நாலு பேரு, பழைய வேலை ஏதாவது ரிப்பேருக்கு வந்தா முதல்ல கவுத்துதான் பாக்குறோம்.

நல்லவர்னு மட்டும் சொல்லிட்டுப் போனா அவருக்கே பிடிக்காது. கோவக்காரர். ஒரு மூட்டுல ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் மரக்கூழ் வெச்சு அடைக்க விடமாட்டாரு, பிரிச்சுப் போட்டு மறுபடி செய்ம்பாரு, ரெண்டு நாள் வேலை போயிடும், அதனாலயே ஒருத்தன் கோவிச்சுட்டுப் போயிட்டான். மாஸ்க் போடச் சொன்னா சிரிப்பாரு. மரத்துக்கு பயந்தா மர வேலைக்கு எதுக்கு வந்தேன்னு கேப்பாரு. அந்தச் சிரிப்ப நானும் கத்துக்கிட்டேன், அதையும் சொல்லிடணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

ஒரு நாள் ஈட்டில ஒரு பெட்டி செஞ்சிட்டு இருந்தோம். புதுசா சேந்த பையன் ஒருத்தன், அண்ணனுக்கே டெஸ்ட் வைக்கிறேன்னு ஒரு சீவல எடுத்து கண்ண மூடுங்கண்ணேன்னு நீட்டினான். அண்ணன் ரெண்டு தடவ இழுத்து மோந்தாரு. தேக்குன்னாரு. ஒரு செகண்டு யாரும் பேசல, அப்புறம் எல்லாரும் சிரிச்சோம், அவரும் சிரிச்சாரு, வயசாயிடுச்சுடான்னாரு. நான்தான் ரொம்ப நேரம் சிரிச்சேன். அன்னைக்கே அவருக்கு இடது பக்கம் மூக்கு அடைச்சிருந்தது, ஒரு பக்கம் மட்டும்.

அதுக்கப்புறம் 14 மாசம். முதல்ல ஜலதோஷம்னு மருந்து. அப்புறம் அலர்ஜி. தூசில வேலை பாக்குறீங்கல்ல அலர்ஜிதான் இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, இவ்ளோ கிட்ட வந்துட்டு அவரும் என்ன தூசின்னு கேக்கல. அப்புறம் சைனஸ். மூக்குல விடுற சொட்டு மருந்து, ஸ்ப்ரே, ஆன்டிபயாட்டிக், மறுபடி ஸ்ப்ரே. எப்பயாவது ரத்தம் கசியும், துண்டால தொடைச்சுட்டு வேலைய பாப்பாரு, சூடுடாம்பாரு. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஃபார்ம் நிரப்புவாங்க. புகை? இல்ல. குடி? இல்ல. சர்க்கரை? இல்ல. தொழில்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஒரு கோடு இழுத்திருப்பாங்க, ஒரு இடத்துல மட்டும் 'கூலி'ன்னு இருக்கு. நாற்பது வருஷம் அவரு கைல இருந்த வித்தைக்கு கூலின்னு பேரு. வாங்குறது கூலிதான், ஒத்துக்கறேன், ஆனா எதுக்குக் கூலின்னு கேட்டிருக்கணும்.

கடைசியா பெரிய ஆஸ்பத்திரில ஒரு ரூம்ல உக்காந்திருந்தோம். பெரிய டாக்டர் இன்னும் வரல, ட்ரெய்னிங்ல இருக்கற ஒரு சின்னப் பொண்ணு, டாக்டரம்மாதான், ஏதோ எழுதிட்டு இருந்தாங்க. எழுத எழுத மேஜை ஆடுது. அண்ணனால அதப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. சட்டைப் பைல இருந்து ஒரு சீட்ட எடுத்து நாலா எட்டா மடிச்சாரு, தரைல குனிஞ்சு காலுக்கடில சொருகினாரு, மேஜைய ஆட்டிப் பாத்தாரு, ஒரு நூல் கம்மியா இருந்துச்சும்மான்னு சொல்லிக்கிட்டே நிமிந்தாரு. நிமிரும்போது இடது மூக்குல இருந்து ஒரு சொட்டு ரத்தம் அந்த மேஜை மேல விழுந்துச்சு. முதல்ல அத தோள் துண்டால தொடைச்சுட்டு அப்புறம்தான் மூக்கத் தொடைச்சாரு.

அந்தம்மா பேனாவ கீழ வெச்சுட்டு கேட்டாங்க. "நீங்க கார்பென்ட்டரா? எத்தனை வருஷமா?"

41 வருஷம்னாரு. 14 வயசுல ஆரம்பிச்சவரு.

என்ன மரம், கைல இழைப்பீங்களா மெஷினா, உப்புத்தாள் போடுறது யாரு, மூக்கடைப்பு ரெண்டு பக்கமுமா ஒரு பக்கமா, வாசனை தெரியுதா. வரிசையா கேட்டாங்க. வாசனைன்னு கேட்டதும் நான் அந்த ஈட்டி விஷயத்த சொன்னேன், சொல்லும்போதே எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. அன்னைக்கே மூக்குக்குள்ள கேமரா விட்டுப் பாத்தாங்க, அடுத்து சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ, அடுத்த வாரம் சதை எடுத்து டெஸ்ட். அடினோ கார்சினோமான்னு ரிசல்ட் வந்துச்சு, சுரப்பி செல்லுல இருந்து வர்ற ஒரு வகை கேன்சர். மூக்கோட உச்சில, வாசனை தெரியுற இடத்துல ஆரம்பிச்சு மேல எலும்பு வரைக்கும் போயிருந்தது.

அந்தம்மாதான் எங்களுக்கு எல்லாம் விளக்கிச் சொன்னாங்க, மீதிய நான் தேடிப் படிச்சேன். உங்களுக்குத் தெரியாததா, ஆனாலும் என் வாயால ஒரு தடவ சொல்லிக்கறேனே.

1700ல இத்தாலில ரமாஜினின்னு ஒரு டாக்டர் தொழிலாளிகளுக்கு வர்ற நோய்களப் பத்தியே ஒரு புத்தகம் எழுதினாராம். பழைய கிரேக்க டாக்டர் ஹிப்போக்ரட்டீஸ் காலத்துல இருந்து நோயாளிய கேக்குற கேள்விகளோட இன்னொரு கேள்வியும் சேத்துக்கோங்க, நீ என்ன தொழில் செய்யறேன்னு கேளுங்கன்னு சொன்னவர் அவரு. முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1775ல லண்டன்ல பெர்சிவல் பாட்னு ஒரு சர்ஜன், புகைபோக்கி சுத்தம் பண்றவங்களுக்கு விதைப்பைத் தோல்ல வர்ற புத்துநோய்க்கு புகைக்கரிதான் காரணம்னு சொன்னாரு.

எங்க கதை அதவிடக் கிட்ட இருக்கு. இங்கிலாந்துல ஹை விக்கம்னு ஒரு ஊரு, நாற்காலி செய்யறதுக்குப் பேர் போன ஊரு. 1960கள்ல அங்க மூக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர் எஸ்மி ஹேட்ஃபீல்டுன்னு ஒரு அம்மா. எங்கயோ எப்பயோ வர்ற இந்த மூக்கு கேன்சர் தன்கிட்ட இத்தனை பேருக்கு வருதே, வர்றவங்க எல்லாம் மர வேலைக்காரங்களா இருக்காங்களேன்னு கவனிச்சாங்க. மேக்பெத், அச்செசன்னு ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்களும் சேந்து 1968ல மருத்துவப் பத்திரிகைல போட்டாங்க, ஃபர்னிச்சர் வேலை செய்யறவங்களுக்கு இந்த அடினோ கார்சினோமா மத்தவங்கள விட பல மடங்கு அதிகம்னு. யோசிச்சுப் பாருங்க, அவங்க உங்க டிபார்ட்மென்ட் ஆளு. பெரிய மெஷின் எதுவும் வெச்சுக் கண்டுபிடிக்கல, வந்தவங்க என்ன வேலை பாக்குறாங்கன்னு பாத்தாங்க, அவ்ளோதான்.

1995ல உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூள முதல் குரூப்ல சேத்துடுச்சு, மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு உறுதியான பொருளுங்க இருக்கற குரூப் அது. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கற அதே குரூப். 2010ல உலகத் தொழிலாளர் அமைப்பு திருத்தின தொழில் நோய் பட்டியல்லயும் மரத்தூள் இருக்கு. ஐரோப்பாவுல வேலை செய்யற இடத்துக் காத்துல கெட்டி மரத்தோட தூளு ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு 2023ல இருந்து கட்டாயம். ரெண்டு மில்லிகிராம்! நாங்க உப்புத்தாள் மெஷின் போட்டா எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது.

அந்த மெஷின் வந்தப்ப அண்ணன் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாரு. கைல இழைச்சா சுருள் சுருளா சீவல் வரும், அது காலடில விழும், மூக்குக்குள்ள போகாது. மெஷின்ல வர்றது மாவு, அந்தரத்துலயே நிக்கும். அதுக்கப்புறம் எம்டிஎஃப் பலகை வந்துச்சு, மர நார பசை போட்டு அழுத்திச் செய்யறது, அதுல இருக்கற பசைல ஃபார்மால்டிஹைடுன்னு ஒரு கெமிக்கல், அதுவும் முதல் குரூப்தானாம். வேலை சுலபமாச்சு, தூளு நைஸாச்சு. இதெல்லாம் கேட்டுட்டு அண்ணன் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. நான்தான் கோவத்துல இந்த மரத்த நம்பி இவ்ளோ வருஷம்னு ஏதோ ஆரம்பிச்சேன். மரத்த குத்தம் சொல்லாதடா, தூள சொல்லுன்னாரு.

மூக்கு வழியாவே ஆபரேஷன் பண்ணாங்க, அப்புறம் ஆறு வாரம் ரேடியேஷன். அதுக்கு ஒரு மாஸ்க் செய்வாங்க, உங்களுக்குத் தெரியும், ஓட்டை ஓட்டையா இருக்கற பிளாஸ்டிக், சுடுதண்ணில போட்டா தொவண்டு போயிடும், அத மூஞ்சில படிய வெச்சு ஆற விட்டா அச்சு அசலா மூஞ்சி வந்துடும், அத அந்தப் பலகையோட சேத்து பூட்டுவாங்க தலை அசையாம இருக்க. மத்தவங்க எல்லாம் அதப் பாத்தா பயப்படுவாங்களாம். இவரு வெளிய வந்து, ஃபிட்டிங்னா இதுடா, ஒரு நூல் கேப் இல்லன்னு அரை மணி நேரம் அதப் பத்தியே பேசினாரு. அப்புறம் மெதுவா, இந்த மாதிரி ஒண்ண முப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்டிருக்கணும்ல, அப்ப சிரிச்சேனேன்னாரு.

ஒரு வருஷம் நல்லா இருந்தாரு. பட்டறைக்கு வருவாரு, வாசல்ல சேர் போட்டு உக்காருவாரு, உள்ள வந்தா நாங்க திட்டுவோம். வாசனை மட்டும் திரும்பல. சீவல கைல உருட்டிப் பாத்து, விரல்ல தேச்சு, இது பூவரசுன்னு சொல்லுவாரு, பாதி நேரம் சரியா இருக்கும்.

அப்புறம் கண்ணுக்குப் பின்னாடி மறுபடி வந்துடுச்சு. இடது கண்ணு கொஞ்சம் முன்னால தள்ளுச்சு, ஒரு கோடு ரெண்டாத் தெரியுதுடான்னாரு. ஒரு கார்பென்ட்டருக்கு அது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. கண்ணுக்கு ஒரு மறைப்பு போட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்து மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். அவருதான் என் தோள்ல தட்டி, நேர் பாக்கணும்னா எப்படியும் ஒரு கண்ண மூடித்தான பாப்போம், அதுக்கு எதுக்குடா அழுறன்னாரு. அப்புறம் நாலு மாசம்தான்.

டாக்டர்களே, மூக்கடைப்புன்னு வர்றவங்க எல்லாருக்கும் கேன்சரா இருக்குமான்னு நீங்க கேக்கலாம். இருக்காது. இது ரொம்ப அபூர்வமான நோய், வர்றது பெரும்பாலும் சளியும் அலர்ஜியும்தான், ஒரு நாளைக்கு நீங்க பாக்குற கூட்டத்த வெளிய நின்னு நானும்தான் பாத்திருக்கேன். எல்லாருக்கும் ஸ்கேன் எடுங்கன்னு சொல்லல. என்ன வேலை பாக்குறீங்க, எத்தனை வருஷமான்னு கேளுங்க. இப்ப ரிட்டையர் ஆயிட்டேன்னு சொன்னா அதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்கன்னு கேளுங்க, ஏன்னா இது முப்பது நாற்பது வருஷம் கழிச்சு வர்ற சனியன், உளிய கீழ வெச்சு பத்து வருஷம் ஆன ஆளுக்கும் வரும். பதில் மர வேலைன்னு வந்து, அடைப்பு ஒரு பக்கம் மட்டும்னு வந்து, ரத்தமும் கசியுதுன்னா மூணாவது ஸ்ப்ரே எழுதாதீங்க, அந்தக் கேமராவ உள்ள விட்டுப் பாத்துடுங்க. கேள்விக்கு பத்து செகண்டு கூட ஆகாது. 14 மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அண்ணன் பொழைச்சிருப்பாரான்னு அந்தம்மாகிட்ட ஒரு தடவ கேட்டேன். உறுதியா சொல்ல முடியாதுன்னுதான் சொன்னாங்க, மேல எலும்பு வரைக்கும் போகறதுக்கு முன்னாடி பிடிச்சிருந்தா வாய்ப்பு கூட இருந்திருக்கும்னாங்க. அந்த 'கூட' எவ்ளோன்னு நான் திருப்பிக் கேக்கல.

எங்க பக்கமும் தப்பு இருக்கு, நாங்களும் வாயத் தொறந்து சொல்றதில்ல. டாக்டர் முன்னாடி போனா வேலையச் சொல்ல ஒரு கூச்சம். இப்ப பட்டறைல துண்டு கட்டுறத நிறுத்தியாச்சு, துணில நைஸ் தூளு நிக்காது, என்95 இல்லாம யாரும் மெஷினத் தொடக்கூடாது, தாடி வெச்சவன் தாடிய எடுத்தான் சந்துல காத்து போகுதுன்னு. தொடப்பத்தால கூட்டி காத்து பம்புல ஊதுறது போயி, உறிஞ்சுற மெஷின் ஒண்ணு வாங்கினோம், அதோட குழாய உப்புத்தாள் மெஷின்லயே மாட்டியாச்சு. புதுப் பசங்க சிரிக்கிறாங்க. நான் அவங்களுக்கு அந்த ஈட்டி கதைய சொல்லுவேன், சிரிப்பு நின்னுடும்.

அந்த டாக்டரம்மா, அண்ணன் கூட வேலை பாத்த எல்லாரையும் ஒரு தடவ வரச் சொல்லியிருந்தாங்க. நாங்க தட்டிக் கழிச்சுட்டே இருந்து போன மாசம்தான் போனோம். எனக்கு 19 வருஷம் ஆச்சு இந்தத் தொழில்ல, கேமரா உள்ள போகும்போது கண்ணுல தண்ணி வந்துடுச்சு, கேமராவாலதான்னு சொல்லிக்கிட்டேன். ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்குன்னாங்க.

அதே ரூம், அதே மேஜை. போகும்போதே நான் ஒரு கட்டை செதுக்கி எடுத்துட்டுப் போயிருந்தேன், தேக்குல, ஒரு நூல் கனம். அந்தம்மா எழுதிட்டு இருக்கும்போது குனிஞ்சு அண்ணன் சொருகின பேப்பர உருவிட்டு கட்டைய உள்ள தள்ளினேன். மேஜை ஆடல. பேப்பர வெளிய வந்து பிரிச்சுப் பாத்தேன், பழைய மருந்துச் சீட்டு. மூக்குக்கு சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு மூணு வேளை, ரெண்டு வாரம் கழிச்சு வரவும்.